சோற்றுக்கையும் பீச்சாங்கையும்

முதலில் தெரிந்தது வலி அல்ல, நாற்றம்.

தீபாவளிக்கு முந்தைய வாரம். சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்கள் வீட்டுச் சமையலறையில், மேல் அலமாரியின் தலையில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க ஏணியில் ஏறியிருந்தேன். அந்த இடத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. நான் பார்ப்பேன், எனக்கு அது போதும். மூலை எட்டவில்லை என்று கொஞ்சம் சாய்ந்தேன். ஏணி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். அடுப்பு மேடையின் விளிம்பில் முதுகு மோதி, தரையில் மல்லாந்து விழுந்தேன். இடது மணிக்கட்டு உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

சத்தம் கேட்டு என் கணவர் பாஸ்கர் ஓடிவந்தார். அவரிடம் நான் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"என்னங்க, தண்ணி போற ஓட்டை அடைச்சிருக்கு போல. என்னா நாத்தம் பாருங்க. அந்த மூடியக் கழட்டிக் கழுவி எத்தன நாளாச்சு?"

அவர் மூடியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். அவர் முகம் போன போக்கில் எனக்குப் புரிந்துவிட்டது. நாற்றம் தரையின் ஓட்டையிலிருந்து வரவில்லை, என்னிடமிருந்து வந்தது. நைட்டி நனைந்திருந்தது, ஈரம் எனக்குத் தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே எனக்கு எதுவுமே தெரியவில்லை.

இதை இப்படித் தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. மருத்துவமனையில் படுத்துக்கிடந்த நாட்களில், தண்டுவடம் அடிபட்டவர்கள் எழுதியவற்றைத் தேடித் தேடிப் படித்தேன். எல்லாரும் கால்களைப் பற்றி எழுதுகிறார்கள். நிற்பது, நடப்பது, படியேறுவது. கக்கூஸ் வரும் இடத்தில் மட்டும் ஒரு வரி எழுதிவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப்போகிறார்கள். நீங்கள் இப்போது அப்படி ஒரு படுக்கையிலிருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், நான் எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வாருங்கள்.

மார்புப் பகுதி முதுகெலும்பின் கீழ்ப்பக்கத்தில் ஓர் எலும்பு நொறுங்கி, உள்ளே ஓடும் தண்டுவடத்தை நசுக்கியிருந்தது. கம்பியும் திருகாணியும் வைத்து முதுகை நிமிர்த்தினார்கள். இடது மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு போட்டார்கள். எனக்குப் பாராபிளீஜியா (இரண்டு கால்களும் செயலிழந்த நிலை) என்றார்கள். அதை நான் எதிர்பார்த்திருந்தேன். அதோடு இன்னொரு பெயரும் வந்தது: நியூரோஜெனிக் பவல் (மூளைக்கும் குடலுக்கும் தொடர்பு அறுந்து, மலம் வருவது தெரியாமலும் அடக்க முடியாமலும் போவது).

மறுவாழ்வுப் பிரிவின் மருத்துவர் சீனர், மெதுவாகப் பேசுபவர். "உங்கள் குடல் தன் வேலையைச் செய்யும், வசந்தி. உங்களைக் கேட்டுக்கொண்டு செய்யாது, அவ்வளவுதான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நகைச்சுவையாகச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் உணவுச் சுகாதாரம் கற்பிப்பவள். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில், சமையல்காரர்களுக்கும் பரோட்டா மாஸ்டர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் தமிழில் வகுப்பு எடுக்கிறேன். எப்படிக் கை கழுவுவது, பச்சை இறைச்சியை எங்கே வைப்பது, எப்போது கையுறையை மாற்றுவது. லிட்டில் இந்தியாவில் நான் சாப்பிட உட்கார்ந்தால், பரிமாறுபவர் ஒரு தடவை கூடுதலாகக் கை கழுவிவிட்டு வருவார். வீட்டில் என் மகள் நிவேதா எனக்கு வைத்த பெயர் இன்ஸ்பெக்டர்.

வகுப்பில் எப்போதும் யாராவது ஒருவர் கேட்பார். "மேடம், நான் வலது கையால தப்பான எதையும் தொட மாட்டேன். இது சோத்துக்கை. இதுக்கு எதுக்கு இவ்ளோ சோப்பு?" கிருமிக்குச் சோற்றுக்கை, பீச்சாங்கை என்ற வித்தியாசம் தெரியாது என்று சொல்லி அவரை உட்கார வைப்பேன். வகுப்பு சிரிக்கும். அதை நான் நம்பித்தான் சொன்னேன். இன்றும் நம்புகிறேன்.

மறுவாழ்வுப் பிரிவில் என் காலை இப்படி இருந்தது. சாப்பாடு முடிந்ததும் நர்ஸ் மெய் வருவார். மலேசியாவிலிருந்து வந்த சீனப் பெண், பலமான கைகள். திரையை இழுத்து மூடுவார். சப்போசிட்டரி (ஆசனவாய்க்குள் வைக்கும் மாத்திரை) ஒன்றை வைப்பார். சற்று நேரம் கழித்து, கையுறை மாட்டிய விரலை உள்ளே விட்டு மெதுவாகச் சுற்றுவார். அந்தச் சுற்றலுக்குக் குடல் பதில் சொல்லும். தினமும் ஒரே நேரத்தில் ஒழுங்காக இப்படிச் செய்தால், மற்ற நேரங்களில் பெரும்பாலும் மானம் தப்பும். செய்யாவிட்டால் உடற்பயிற்சிக் கூடத்தில், மின்தூக்கியில், வந்த விருந்தாளிகளின் முன்னால், எங்கே வேண்டுமானாலும் வரும். எனக்கு எல்லா இடத்திலும் வந்திருக்கிறது.

எனக்கு எதுவும் தெரியாது, மூக்குக்கு மட்டும் தெரியும். இடுப்புக்குக் கீழே என்ன நடக்கிறது என்று எனக்குச் செய்தி சொல்ல மிஞ்சியிருந்தது என் மூக்கு ஒன்றுதான்.

மெய் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஆன்ட்டி, பாங்சாய் முடிந்ததா?" என்று ஆங்கிலத்தில் கேட்பார் (பாங்சாய் என்றால் ஹொக்கியனில் வெளிக்குப் போவது). வேலை முடிந்ததும் ஈரக் காகிதத்தால் துடைப்பார். தண்ணீர் கிடையாது. குழாய் கழிப்பறையில் இருந்தது, நான் கட்டிலில் இருந்தேன். ஆயுளில் ஒரு நாள்கூடத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் எழுந்திராதவள் நான். காகிதத்தால் துடைத்துவிட்டு அதன்மேல் உடுப்பைப் போட்டபோது குமட்டிக்கொண்டு வந்தது. அந்த உடம்போடுதான் மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன்.

பார்க்க வந்த உறவினர்கள் வேறு. ஆரஞ்சும் ஆப்பிளும் கூடையில் வந்து இறங்கின. வந்தவர்கள் கட்டிலை நெருங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தேன். என் கணவரின் அண்ணி என் கால் கட்டைவிரலை நறுக்கென்று கிள்ளிவிட்டு, "தெரியுதா வசந்தி?" என்று கேட்டார். தெரியவில்லை. தெரிந்திருந்தால் உதைத்திருப்பேன். பாஸ்கர் ஒரு லாவெண்டர் புட்டி வாங்கிவந்து திரையைச் சுற்றி அடிக்க ஆரம்பித்தார். அதன் பிறகு லாவெண்டரும் பீயும் சேர்ந்து நாறின. இரண்டில் எது மோசம் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது.

சில வாரங்கள் கழித்து மெய் கையுறைப் பெட்டியை என் மடியில் வைத்தார். இனி நானே கற்றுக்கொள்ள வேண்டுமாம். கழிப்பறை நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பக்கம் சாய்ந்து, விரலைக் கொண்டுபோக வேண்டும். இடது கை மாவுக்கட்டுக்குள் இருந்தது. ஆகவே மெய் என் வலது கையைப் பிடித்தார்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"ஆன்ட்டி, கையுறைதான் இருக்கிறதே" என்றார். தெரியும். கையுறை பற்றி எனக்குப் பாடமே எடுக்கத் தெரியும். ஆனால் அது சோற்றைப் பிசையும் கை. மகளுக்கு ஊட்டிய கை. திருநீறு எடுக்கும் கை. அது அந்த இடத்துக்குப் போவதா? என் அறிவு ஒரு பக்கம் நின்றது, கை மறுபக்கம் நின்றது. கை ஜெயித்தது.

இதை மெய்யிடம் சொல்லவில்லை. ஒரு சீனப் பெண்ணிடம், அதுவும் தன் வலது கையால் தினமும் எனக்கு இதைச் செய்துகொண்டிருப்பவரிடம், "இது என் கைக்கு அசிங்கம்" என்று எந்த முகத்தோடு சொல்வேன்? தலை சுற்றுகிறது என்றேன். அடுத்த நாள் தோள் வலி. அதற்கடுத்து, நாளைக்குப் பார்க்கலாம். கடைசியில் மெய் கேட்பதையே விட்டுவிட்டார்.

ஒரு காலை மருத்துவர் குழு சுற்றி வந்தபோது, திரைக்கு வெளியே பேசிக்கொண்டது கேட்டது. நோயாளிக்கு ஈடுபாடு போதவில்லை, ஊக்கம் குறைவு. மனநல ஆலோசகரை அனுப்பிப் பார்க்கலாம்.

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஈடுபாடாம். அது கோயிலிலும் கச்சேரியிலும் இருக்க வேண்டிய சமாசாரம். என் குண்டியில் என் விரலை விடுவதற்கு நான் ஈடுபாடு காட்ட வேண்டுமா? ஆலோசகர் வந்தார். என் மகள் வயதுடைய ஆண்பிள்ளை. தூக்கம் எப்படி என்று கேட்டார். நன்றாகத் தூங்குகிறேன் என்று பொய் சொல்லி அனுப்பினேன்.

என் கட்டிலுக்கு மேலே ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. சேர்ந்த வாரத்திலேயே, உங்களுக்கு எது முக்கியம் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பாஸ்கர், "நடக்கணும் லா, வேற என்ன" என்றார். பலகையில் 'நடக்க வேண்டும்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகத்தையும் வரைந்தார்கள். தினமும் அந்த மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். நான் நடக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த மூஞ்சிக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

இடது கையின் மாவுக்கட்டைப் பிரித்தபோது, உள்ளேயிருந்து தோல் உரிந்த, சூம்பிய, நாறும் ஒரு கை வெளியே வந்தது. மணிக்கட்டு இறுகிப்போயிருந்தது. செயல்முறைச் சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்குபவர்) ஷர்மிளா அதைப் பொறுப்பேற்றுக்கொண்டார். இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஒரு கம்பியில் துணி மாட்டும் க்ளிப்புகளை இடது கையால் மாட்டச் சொன்னார். கலர் கலராக பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்கச் சொன்னார்.

"ஆன்ட்டி, நம்ம கோல் என்னன்னா, லெஃப்ட் ஹேண்ட்ல கப் புடிச்சு நீங்களே காப்பி குடிக்கணும். ஓகேவா?"

வேண்டா வெறுப்பாக இரண்டு க்ளிப் மாட்டிவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டேன். பாலர் பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. அதோடு, இடது கையில் காப்பி குடிக்க வேண்டும் என்று எனக்கு என்றைக்குமே ஆசை இருந்ததில்லை. மணிக்கட்டு இறுகியே கிடந்தது. அது உடம்பைத் தாங்காததால், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு நகரும் பயிற்சியும் நின்றுபோனது. எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. என் பெயருக்கு முன்னால் ஈடுபாடு போதாதவள் என்ற பட்டமும் நின்றது.

ஒரு தன்னார்வலர் வந்து, சக்கர நாற்காலியில் தான் மலையேறிய கதையைச் சொன்னார். நல்ல மனிதர். எல்லாரும் கை தட்டினார்கள். அந்த மலைமேல் அவருக்கு வந்தபோது என்ன செய்தார் என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. கேட்டிருக்க வேண்டும். அந்த அறையில் இருந்த எல்லாரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தோம் என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு குடும்பக் கூட்டம் வைத்தார்கள் (நோயாளி வீட்டுக்குப் போகுமுன் குடும்பமும் மருத்துவக் குழுவும் உட்கார்ந்து பேசுவது). மருத்துவர், மெய், ஷர்மிளா, பாஸ்கர், நிவேதா, நான். மேசைமேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்றைத் தயாராக வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்குப் போனால் குடல் பராமரிப்பை யார் செய்வது என்று மருத்துவர் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. பாஸ்கரைப் பார்த்துக் கேட்டார்.

"ஏஜென்ட்கிட்ட சொல்லியாச்சு டாக்டர். பணிப்பெண் வருவாங்க. எல்லாத்தையும் அவங்க பாத்துக்குவாங்க" என்றார் பாஸ்கர். அவர் முகத்தில் ஒரு பெரிய பாரத்தை இறக்கி வைத்த நிம்மதி தெரிந்தது. எங்கிருந்தோ பிழைக்க வரும் ஒரு பெண், முகம் தெரியாத ஒருத்தி, தினமும் காலையில் என் பின்னால் வந்து நிற்பாள். அவளும் பாவம், நானும் பாவம்.

"மெய்ட் வேணாம்ப்பா" என்றாள் நிவேதா. "ஷி வில் ஹேட் இட். நான் செய்றேன். நான் கத்துக்கிட்டேன். நர்ஸ் சொல்லிக்குடுத்தாங்க, டம்மில ப்ராக்டிஸ் பண்ணேன். பெரிய விஷயம் இல்ல லா, அம்மா."

எனக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது. என் மகள், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவள், ஆபீஸ் முடிந்து வந்து ஒரு பொம்மையின் பின்புறத்தில் விரல் விட்டுப் பழகியிருக்கிறாள். என் வாயிலிருந்து முதலில் வந்தது நன்றி இல்லை.

"எந்தக் கையாலடி?"

"என்னது?"

"எந்தக் கையால பழகுன?"

"ரைட் ஹேண்ட்தான். ஏன்மா?"

அவ்வளவுதான். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. என்னால் அடக்க முடியாதவற்றில் இதுவும் ஒன்றாகிவிட்டது. தமிழிலேயே கத்தினேன்.

"சோத்துக்கையால என் பீய அள்ளுவாளாம்! நான் பெத்தவ! பெரிய விஷயம் இல்லையாம்! ஏன், எனக்கு இன்னொரு கை இல்லையா? பீச்சாங்கைன்னு ஒண்ண எதுக்கு வச்சிருக்கேன்? அந்தக் கையத் தேத்தி விடாம, காப்பி குடி, க்ளிப் மாட்டுன்னு வெளையாட்டு காட்டிக்கிட்டு இருக்கீங்க!"

மருத்துவருக்கும் மெய்க்கும் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. பாஸ்கர் தலையைக் குனிந்துகொண்டார். ஷர்மிளா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் சிரிக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. பிறகு ஆங்கிலத்தில் மற்றவர்களுக்கு விளக்கினார். தமிழர்கள் வலது கையால் உண்பார்கள், இடது கையால் கழுவுவார்கள். இது மன அழுத்தம் இல்லை, ஊக்கக் குறைவும் இல்லை. இவருக்குத் தேவை இடது மணிக்கட்டு.

மெய் என்னைப் பார்த்து, "ஐயோ ஆன்ட்டி, இதுதானா? நான் உங்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்" என்றார்.

கூட்டம் முடிந்ததும் ஷர்மிளா என் நாற்காலிப் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஆன்ட்டி, மொதல்லயே ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா? நீயும் தமிழ்ப் பொண்ணுதானே?"

"எங்க வீட்லயும் அப்படித்தான் ஆன்ட்டி. நான்கூட அப்படித்தான். யூனிஃபார்ம் போட்டா மறந்துடுது" என்றார். பிறகு, "ஒரு கருவி இருக்கு. நீளமா கைப்பிடி வச்சது, முனை விரல் மாதிரி. அத ரைட் ஹேண்ட்ல புடிச்சா உங்க விரல் படாதே?"

"கைப்பிடிய எது புடிக்கும்?"

"ரைட் ஹேண்ட்."

"அப்புறம்?"

"ஓகே, ஓகே. லெஃப்ட்" என்றார்.

அன்றே வெள்ளைப் பலகையிலிருந்த சிரிக்கும் மூஞ்சியை அழிக்கச் சொன்னேன். புதிதாக ஒன்றும் எழுத வேண்டாம் என்றும் சொன்னேன். என் இலக்கைச் சுவரில் எழுத முடியாது.

அதன்பின் நடந்தது உழைப்பு. மணிக்கட்டை மடக்கும்போது கண்ணில் நீர் வரும். வெந்நீரில் ஊற வைத்து, மடக்கி, திருப்பி, ரப்பர் பட்டையை இழுத்தேன். க்ளிப் மாட்டினேன், கூம்பு அடுக்கினேன், ஷர்மிளா போகச் சொன்ன பிறகும் அடுக்கினேன். பொருள் அதேதான், கம்பி அதேதான். எதற்காக என்று எனக்குத் தெரிந்திருந்தது, அது ஒன்றுதான் மாற்றம். மணிக்கட்டு தேறத் தேற, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே பாலம்போல வைக்கும் பலகையில் வழுக்கி நானே நகர்ந்தேன். கழிப்பறை நாற்காலிக்குப் போனேன். கழிப்பறைக்குப் போனதும் குழாய் கைக்கு எட்டியது.

முதன்முதலாக இடது கையில் அந்தக் கருவியைப் பிடித்து நானே முடித்த காலை, மெய் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். வெற்றி விழா மாதிரி எதையும் எதிர்பார்க்காதீர்கள். கருவி இரண்டு முறை நழுவியது. எங்கே போகிறது என்று எனக்கு உணர்ச்சியில்லை, கண்ணாடியில் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அந்தக் கோணத்தில் என்னை நானே பார்த்ததை மறக்க முயன்றுகொண்டிருக்கிறேன். நாறியது. கையில் பட்டது. பிறகு குழாயைத் திறந்து தண்ணீர் விட்டேன். இடது கையால் கழுவினேன். தண்ணீர் படுவது உடம்புக்குத் தெரியவில்லை, கைக்குத் தெரிந்தது. சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். பல மாதங்களுக்குப் பிறகு சுத்தமாக இருந்தேன்.

"ஆன்ட்டி, பாங்சாய்?" என்றார் மெய் வெளியிலிருந்து.

"ஆச்சு!" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

மருத்துவர்களும் சிகிச்சையாளர்களும் இதைப் படிக்க நேர்ந்தால் ஒன்று சொல்வேன். எங்களுக்கு ஈடுபாடு எப்படி வரும் என்று கூட்டம் போட்டுப் பேசுகிறீர்கள். உங்களுக்கு எது முக்கியம் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லாரும் நல்ல பிள்ளை பதில்தான் சொல்வார்கள். உங்களுக்கு எது அருவருப்பாக இருக்கிறது என்று கேளுங்கள். குடும்பத்தை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். முதல் தடவை சொல்ல மாட்டார்கள், மறுபடி கேளுங்கள்.

நோயாளிகளுக்கும் ஒன்று. மருத்துவர்கள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். கண்டுபிடிக்க மாட்டார்கள். வாயைத் திறந்து அசிங்கத்தைச் சொல்லுங்கள். அதைச் சொன்ன பிறகு உங்களைப் பார்க்கும் பார்வை மாறும். மாறாவிட்டாலும் உங்களுக்கு வேண்டியது கையில் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்தேன். பணிப்பெண் வரவில்லை. என் நாள் இப்போது மற்றவர்கள் நாளைப் போலத் தொடங்குவதில்லை. விடிந்து, சாப்பிட்டு, மாத்திரை வைத்து, காத்திருந்து, குடல் சம்மதித்து, கழுவி, துடைத்து முடிக்கும்போது காலையின் பெரும்பகுதி போய்விடும். அதன் பிறகு கிடைப்பதுதான் எனக்குப் பகல். முன்பெல்லாம் அவசரமாகக் குளித்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடிய காலம் வேறு யாருடையதோ போலிருக்கிறது. இடுப்புக்குக் கீழே உள்ள உடம்பும் அப்படித்தான். அது எனக்குச் சொந்தம் என்பதைவிட, நான் தினமும் சுத்தம் செய்யப் பொறுப்பேற்ற இடம் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். பொறுப்பில் நான் குறை வைப்பதில்லை.

மீண்டும் வகுப்பு எடுக்கப் போனேன். கடைவீடுகளின் முன்நடையில் ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு உயரம். சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று எழுதியிருந்த பக்கத்துக் கட்டடக் கழிப்பறையைத் திறந்து பார்த்தேன். உள்ளே துடைப்பங்கள், வாளிகள், ஒரு பழைய மின்விசிறி. நாற்காலியிலிருந்தபடியே காவலாளியைக் கூப்பிட்டு நான் பேசிய பேச்சில் வாளிகள் அன்று மதியமே வெளியே வந்தன. வகுப்பில் ஒரு பரோட்டா மாஸ்டர் அதே பழைய கேள்வியைக் கேட்டார். கிருமிக்கு வித்தியாசம் தெரியாது என்று அதே பதிலைச் சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்று மட்டும் சேர்த்துக்கொண்டேன். அவருக்குப் புரியவில்லை.

போன மாதம் காய்ச்சல் வந்தது. சிறுநீர்த் தொற்று, எங்களைப் போன்றவர்களுக்கு அடிக்கடி வருவது. உடம்பு நடுங்கியது. கழிப்பறை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார முடியவில்லை, கருவியைப் பிடிக்க இடது கையில் தெம்பில்லை. தவிர்த்துவிடலாம் என்று பார்த்தேன். ஒரு நாள் தவிர்த்தேன். அடுத்த நாள் வயிறு கல்லாகிவிட்டது.

நிவேதா ஆபீசுக்கு விடுப்பு சொல்லிவிட்டு, பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கையுறையோடு வந்தாள்.

"நிவி, இடது கை."

"அம்மா, லெஃப்ட் ஹேண்ட்ல எனக்கு வராது. உங்களுக்கு வலிச்சுரும். சும்மா இருங்க."

எதைத் தடுக்க ஒரு மணிக்கட்டை மாதக்கணக்கில் வதைத்தேனோ, அது என் படுக்கையில் நடந்தது. ஒருக்களித்துப் படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டேன். பாசத்தில் நாற்றம் மறைந்துவிடும் என்று நான் எழுத மாட்டேன். நாறியது, முந்தின நாளையும் சேர்த்து நாறியது.

"ஐயோ, என்னாம்மா சாப்ட்டீங்க!" என்று அவள் ஓங்கரித்தாள். தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தொடர்ந்தாள்.

அந்த ஓங்கரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. லாவெண்டர் அடிக்காமல், பெரிய விஷயம் இல்லை என்று சொல்லாமல், என் எதிரிலேயே குமட்டிய முதல் ஆள் அவள்.

தண்ணீர் கொண்டுவந்து கழுவிவிட்டாள். பிறகு அவள் கை கழுவுவதைக் கட்டிலிலிருந்து பார்த்தேன். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகம், மணிக்கட்டு. ஒன்றைக்கூட விடவில்லை. இன்ஸ்பெக்டர் வளர்த்த பிள்ளை.

மதியம் ஒரு கிண்ணத்தில் ரசஞ்சோறு கொண்டுவந்தாள். கரண்டியை மறந்துவிட்டாள். எழுந்து போய் எடுக்கவில்லை, அப்படியே கையால் குழையப் பிசைந்து, ஓர் உருண்டையை என் வாய்க்கு நேரே நீட்டினாள். வலது கை. காலையில் போய்வந்த அதே கை. அவளுக்கு அந்த நினைப்பே இல்லை.

கரண்டி எடுத்துவா என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கை சுத்தமானது என்று என் அறிவுக்குத் தெரியும். என் வயிறு அறிவின் பேச்சைக் கேட்டதில்லை. விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரசம் மணிக்கட்டு வரை வழிந்தது.

"கை வலிக்குதும்மா. வாங்குங்க."

வாயைத் திறந்தேன்.

"உப்பு கம்மி" என்றேன், விழுங்கிவிட்டு.

"உங்களுக்கு வேற வேலையே இல்ல லா" என்று சொல்லிக்கொண்டே அடுத்த உருண்டையைப் பிடித்தாள். அதையும் வாங்கிக்கொண்டேன். கிண்ணம் காலியாகும்வரை அவள் கையிலிருந்தே சாப்பிட்டேன்.